அம்மாவுக்கு ஒரு படி மிஷின்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றைக்கே நட்பு, காதல், தாய்மை, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கவிதையும் வராது. அதனால் கடந்த நாலு மாசமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு மிஷினைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஸ்டெப்பர்.

இந்தப் பெயரைச் சொன்னதும் நம்ம டிரிபிள் ஈ நண்பன் ஒருவன், "ஸ்டெப்பர் மோட்டாரா? ஒரு பல்ஸுக்கு 1.8 டிகிரி, 200 பல்ஸுக்கு ஒரு சுத்து" என்று ஆரம்பித்துவிட்டான். அது இல்லப்பா. வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் நின்று, மாடிப்படி ஏறுவது மாதிரி மிதிக்கிற உடற்பயிற்சி மிஷின். ஜிம்முக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஜிம்முக்குப் போனவர் யாரும் கிடையாது. அப்பா பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர். முப்பது வருஷமாக லீவர் ராவி ராவி அவர் தோளே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?

மிஷின் அம்மாவுக்கு.

அம்மா பூ கட்டுகிறவர். விடிகாலையில் பூ மார்க்கெட்டில் மல்லிகையும் கனகாம்பரமும் வாங்கிவந்தால், காலை நீட்டி உட்கார்ந்து கட்ட ஆரம்பித்து, கடைக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் கொடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். விரலுக்குத்தான் வேலை, காலுக்கு வேலையே இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கும் தன்னார்வல அக்கா ஒருத்தர் எங்கள் தெருவுக்கும் வந்தாங்க. விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாங்க. அம்மாவுக்குச் சர்க்கரை என்று எங்களுக்குத் தெரிந்ததே அப்போதுதான். ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்று சொன்னார்.

சொல்வது சுலபம். எங்கே நடப்பது? காலையில் மார்க்கெட். சாயங்காலம் இருட்டினால் தெருமுனையில் நாய்கள். அதையும் விட, கையில் கூடை இல்லாமல், கடைக்கும் போகாமல், சும்மா நடந்தால் நாலு பேர் கேட்பாங்க: "என்ன அக்கா, இந்நேரத்துல எங்க கெளம்பிட்டீங்க?" முதல் நாள் பதில் சொன்னாங்க. இரண்டாம் நாளும் சொன்னாங்க. மூன்றாம் நாள் நடப்பதையே விட்டுட்டாங்க. காரணம் இல்லாமல் நடக்கும் உரிமை நம் தெருவில் பெண்களுக்கு இன்னும் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பாதயாத்திரை என்றால் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பாதயாத்திரை என்றதும்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி வரைக்கும், ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அம்மா நடந்தே போவாங்க. மலையையும் படி வழியாகத்தான் ஏறுவாங்க. 1966 முதல் அங்கே விஞ்ச் ஓடுகிறது, 2004-இல் ரோப் காரும் வந்துவிட்டது. "அதெல்லாம் முடியாதவங்களுக்கு" என்று சொல்லுவாங்க. போன முறை பஸ்ஸில் போய் இறங்கி, அடிவாரத்தில் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துவிட்டு, ஒண்ணும் பேசாமல் விஞ்ச் வரிசையில் போய் நின்னாங்க. நான் பக்கத்தில் நின்றேன். கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள், பூ கொடுக்கும் ஒரு வீட்டில் அந்த மிஷினைப் பார்த்துவிட்டு வந்தாங்க. "ரெண்டு மிதி இருக்கு. ஒண்ணு எறங்குனா ஒண்ணு ஏறுது. வீட்டுக்குள்ளயே மிதிச்சுக்கலாமாம். யாரும் பாக்க மாட்டாங்க." அந்த வீட்டில் அதன்மேல் துண்டு காயப்போட்டிருந்தார்கள் என்பதையும் அம்மாவே சொன்னாங்க. கடைசியில் வந்தது முக்கியமான வாக்கியம்: "நீ மெக்கானிக்கல் படிக்கிறவன்தானய்யா. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கு."

தோழர்களே, உங்களில் பலருக்கும் இது புரியும். எங்கள் வீட்டில் அம்மா நாலாம் வகுப்பு, அப்பா ஆறாம் வகுப்பு. பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதுவரைக்கும் என் படிப்பு வீட்டில் பஸ் பாஸும் பரீட்சை பீஸும்தான். அந்தப் படிப்பை நம்பி ஒரு பொருள் வாங்கச் சொன்னது அதுவே முதல் தடவை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் என் கணக்கில் ஏறியதில் நாலு மாசப் பணம் தொடாமல் இருந்தது. அதை இதற்கு வைத்துக்கொண்டேன்.

தேட ஆரம்பித்தால், ஸ்டெப்பர் என்ற ஒரே பேரில் நாலு சாமான் விற்கிறார்கள். கடைக்காரர்களே குழம்புகிறார்கள். ஒன்று, ஜிம்மில் இருக்கும் பெரிய மிஷின். எஸ்கலேட்டர் மாதிரி படிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். 1980-களில் அமெரிக்காவில் ஸ்டேர்மாஸ்டர் என்ற பேரில் வந்து பிரபலமானது. அதன் விலைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டை ஒத்திக்கே எடுத்துவிடலாம், விடுங்கள். இரண்டாவது, மினி ஸ்டெப்பர். இரும்புச் சட்டம், இரண்டு பெடல், இரண்டு சின்ன சிலிண்டர், முன்னால் ஒரு மீட்டர். ஒரு ஆள் கையில் தூக்கிவிடலாம். மூன்றாவது அதன் தம்பி, ட்விஸ்ட் ஸ்டெப்பர். மிதிக்கும்போது பெடல் பக்கவாட்டிலும் திரும்பும். நாலாவதில் மிஷினே இல்லை. வெறும் பிளாஸ்டிக் மேடை. ஏறி இறங்க வேண்டியதுதான். உயரம் 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

அம்மா பார்த்தது மினி ஸ்டெப்பர். விலையும் நாலாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அம்மா உள்ளே வந்த விதத்தைப் பார்த்தால் கோயிலுக்கு வந்த மாதிரி இருந்தது. கடைப் பையன் மிஷினைக் கீழே இறக்கி வைத்து, "இதுல ஏறுங்கம்மா, ஒரே மாசத்துல பத்துக் கிலோ இறங்கும்" என்று சொன்னான்.

அம்மா ஏறினாங்க. என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு மிதி மிதித்தாங்க. ஐந்தாவது மிதியில் பெடல் மேலே வரும்போது சேலைக் கரை உள்ளே போய், பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் குனிந்து எடுத்துவிட்டேன். கடையில் இன்னும் இரண்டு மூன்று ஆம்பிளைகள் நின்றார்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினால் சரியாகிவிடும், ஆனால் அங்கே எப்படிச் செருகுவது? "போதும்யா" என்று இறங்கிட்டாங்க. அந்த மிஷினை வரைந்த டிசைன் இன்ஜினியர் பேண்ட் போட்ட காலைத்தான் நினைத்து வரைந்திருக்கிறார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் அம்மா சேலை கட்டியிருக்க மாட்டார். ஆனால் சேலை கட்டியவருக்கு வாங்குகிறவன் அதைப் பார்த்தாக வேண்டும். எந்த விளம்பரத்திலும் இது இல்லை.

அம்மா வெளியே போய் நின்ற பிறகு, நான் மிஷினைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கடைப் பையன் முறைத்தான். பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டூவீலர் பட்டறையில் கை நனைக்கிறவன் நான். பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தச் சிலிண்டர் வேறு ஒன்றுமில்லை, வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பரின் சித்தப்பா மகன். உள்ளே எண்ணெய், ஒரு பிஸ்டன், சின்னத் துவாரம். பெடலை அழுத்தினால் எண்ணெய் துவாரம் வழியாகப் பிதுங்கிப் போகும். அதுதான் நம் காலுக்குத் தெரியும் எதிர்ப்பு. ஒரு பெடல் இறங்கினால் மற்றதை ஏற்றுவதற்கு அடியில் கப்பியும் கேபிளும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அம்மா எடை 68 கிலோ. ஒரு மிதிக்கு 15 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் 68 × 9.81 × 0.15. சரியாக 100 ஜூல். நிமிஷத்துக்கு 20 மிதி என்றால் 2,000 ஜூல். அறுபதால் வகுத்தால் சுமார் 33 வாட். நம் லேபில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அம்மா மிதிக்கும் சக்தி ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டு சின்னச் சிலிண்டருக்குள் சூடாகத்தான் போகிறது, வேறு போக்கிடம் இல்லை. எண்ணெய் சூடானால் இளகும். இளகினால் பெடல் பொத்தென்று சீக்கிரம் இறங்கும். சில மாடல்களின் கையேட்டிலேயே இத்தனை நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து மிதிக்காதே, ஆறவிடு என்று போட்டிருக்கிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால்? நான் பார்த்த மிஷினில் சிலிண்டரைப் பிரிக்கவே வழியில்லை. வண்டி ஷாக் அப்சார்பர் என்றால் நானே சீல் மாற்றிவிடுவேன். இதற்கு முழுச் சிலிண்டரையும் வரவழைக்க வேண்டும்.

இன்னொன்று அந்த மீட்டர். மிதித்த எண்ணிக்கை, நேரம், கலோரி எல்லாம் காட்டும். கடைப் பையன் ஏறி நூறு மிதி மிதித்தால் எத்தனை கலோரியோ, அம்மா மிதித்தாலும் அத்தனைதான். ஏனென்றால் அது ஆளின் எடையைக் கேட்கவே இல்லை. எண்ணிக்கையை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. எடையே கேட்காத தராசு!

சூடான எண்ணெய் விஷயத்தை வீட்டில் சொன்னபோது அம்மா சிரிச்சாங்க. "உங்க தாத்தா ஏத்தம் மிதிச்சாரு, தண்ணி வந்துச்சு. இதுல மிதிச்சா எண்ணெ சுடுமா?" அம்மாவைப் பெற்ற தாத்தா ஆத்தூர் பக்கம் ஏற்றம் மிதித்த கூலியாள். மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால், தண்ணீர் ரொம்ப ஆழத்தில் இல்லாத கிணறுகளில் ஏற்றம்தான். குறுக்கு மரத்தில் வெட்டியிருக்கும் படிமேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். முன்னால் போனால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னால் வந்தால் அவர் எடையே அதைத் தூக்கும். கீழே ஒருத்தர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். உடம்பு எடையை வைத்து வேலை வாங்கும் அந்த மிஷினை யோசித்தவர் நிச்சயம் நம்மை விடக் கெட்டிக்காரர். வெள்ளைக்காரன் நாட்டில் கதை வேறு. 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினியர், கைதிகள் மிதிப்பதற்கென்றே முடிவில்லாத படிச் சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். 1821-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் வைத்தார்கள். சில இடங்களில் மாவு அரைத்தது, சில இடங்களில் சும்மா சுற்றியது. 1898-இல் சிறைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்தத் தண்டனை ஒழிந்தது. ஒருவருக்குக் கூலி, ஒருவருக்குத் தண்டனை, இப்போது நாலாயிரம் கொடுத்து வாங்கும் மருந்து. மிதி ஒன்றுதான்.

சரி, மிஷின் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதுமா? ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் சிஸ்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போய் முழங்காலைக் காட்டினேன். அம்மாவுக்குப் படி இறங்கும்போது வலது முட்டியில் வலி உண்டு. சிஸ்டர் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் சொன்னாங்க. முட்டி ரொம்ப மடங்காத உயரம் வேண்டும். ட்விஸ்ட் மிஷின் பக்கமே போக வேண்டாம். பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும். ஒரே மூச்சில் அரை மணி முடியாவிட்டால், பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துச் செய்யலாம், சாப்பிட்ட பிறகு கொஞ்சம் செய்தால் சர்க்கரைக்கு நல்லது என்றும் சொன்னாங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. டாக்டர் சொன்ன அரை மணியும் வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் அதே கணக்குதான்.

எனக்கு நாலாவது சாமான் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். அந்த மேடைப் பயிற்சி பிறந்த கதையே முட்டி வலியில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜின் மில்லர் என்ற உடற்பயிற்சி ஆசிரியைக்கு முட்டியில் அடிபட, எலும்பு டாக்டர் ஒரு பால் பெட்டிமேல் ஏறி இறங்கச் சொன்னாராம். அதிலிருந்துதான் 1989 வாக்கில் ஸ்டெப் ஏரோபிக்ஸ் வந்தது, ரீபாக் கம்பெனி மேடை செய்து விற்றது. எண்ணெய் கிடையாது, சீல் கிடையாது, சேலை மாட்டுவதற்கு நகரும் பாகமே கிடையாது. ஏறி இறங்குவது தரைமேல்தான். பூ கட்டும் வேலைக்கு நடுவில் பத்து நிமிஷம் எழுந்து ஏறி இறங்கலாம். ஒரே ஒரு ஆபத்து, பின்பக்கமாக இறங்கும்போது கால் பிசகலாம். அதற்குத்தான் பிடிமானம்.

இதை வீட்டில் சொன்னேன். அம்மா முகம் சின்னதாகிவிட்டது.

"பலகையில ஏறி எறங்கச் சொல்லவா உன்னயப் படிக்க வெச்சேன்?"

அந்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டது மிஷின் மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும். பணக்கார வீட்டில் பார்த்த ஒரு பொருள் நம் வீட்டிலும், அதுவும் மகன் படித்த படிப்பால் வந்து நிற்க வேண்டும். சால்டரிங் அயர்ன் கணக்கு அதற்கு என்ன பதில் சொல்லும்? வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்பாதான் பேச்சை மாற்றினார். "என்ன ஒசரம் வேணும்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

பழைய மரக்கடையில் இடித்த வீட்டுக் கதவுப் பலகை கிடைத்தது. நல்ல தேக்கு. அப்பா அதைத் தட்டிப் பார்க்கவில்லை, அதிலிருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். பூட்டு பதித்திருந்த ஓட்டை. "இதுல ஆறு லீவர் பூட்டு இருந்திருக்கு. நம்மூருப் பூட்டுதான்" என்று சொன்னார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. நான் டிராயிங் ஷீட்டில் ஒழுங்காக மூன்று தோற்றமும் வரைந்து கொடுத்தேன். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 35, உயரம் 10. அடியில் கழற்றி மாட்டும் 5 சென்டிமீட்டர் கட்டைகள், அவற்றை மாட்டினால் 15. பலகை வளையாமல் இருக்க நடுவிலும் ஒரு தாங்கு. மேலே பழைய டயர் ரப்பர். கட்டைகளை மாட்டும் கொக்கியை அப்பா பட்டறையிலேயே ராவி எடுத்துவந்தார். 'டக்'கென்று பூட்டு விழுகிற சத்தம் வரும்! சுவரில் பிடிப்பதற்கு முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப். லோடு டெஸ்ட் செய்ய அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் கட்டிப்பிடித்து மேலே நின்றோம். பலகை முனகக்கூட இல்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாங்க. மொத்தச் செலவு ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது.

மீட்டருக்கு அம்மாவே வழி கண்டுபிடிச்சாங்க. இருபது தடவை ஏறினால் தட்டில் ஒரு மல்லிகை மொட்டு. பதினைந்து மொட்டு சேர்ந்தால் 300. அந்தப் பதினைந்தையும் சாமி படத்துக்கு வைத்துவிடுவாங்க.

அதற்கு மேல் ஒரு கணக்கை நான் போட்டுக் கொடுத்தேன். பழநி மலை சுமார் 450 அடி உயரம் என்பார்கள், அதாவது 137 மீட்டர். 15 சென்டிமீட்டர் உயரத்தில் 300 தடவை ஏறினால் 45 மீட்டர். "அப்ப மூணு நாளைக்கு ஒரு தடவ மலை ஏறுறேனா?" என்று கேட்டாங்க. ஆமாம் என்றேன். கலோரிக் கணக்கையும் கேட்டாங்க. 300 தடவை ஏறுவதற்கு உடம்பு எரிப்பது சுமார் 30 கிலோகலோரி, இறங்குவதையும் சேர்த்தாலும் ஒரு இட்லியைத் தாண்டுவது கஷ்டம் என்று உண்மையைச் சொன்னேன். "இம்புட்டு ஏறியும் ஒத்த இட்லியா!" என்று தலையில் கை வைச்சாங்க. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், இட்லிக் கணக்கு முக்கியமில்லை என்று சிஸ்டர் சொன்னதை எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானம். முதல் மாசம் 10 சென்டிமீட்டரில்தான். இப்போது காலையில் 15 சென்டிமீட்டர், சாயங்காலம் முட்டி வலித்தால் கட்டையைக் கழற்றிவிடுவாங்க. போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை. மூன்று மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

மிச்சம் மூவாயிரம் கையில் இருந்தது. அம்மாவுக்கு நல்ல ரப்பர் அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். சர்க்கரைக்காரர் வெறுங்காலில் இருக்கக் கூடாது அல்லவா. மீதியை புராஜெக்டுக்கு வைத்திருக்கிறேன்.

பூ கொடுக்கும் அந்த வீட்டு அம்மா போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து பலகையைப் பார்த்தாங்க. ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டாங்க. அம்மா என்னைக் காட்டி, "அவன்கிட்டதான் கேக்கணும், அவன்தான் கணக்குப் போட்டவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ட்டாங்க. அவங்க முட்டியை ஒருமுறை சிஸ்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். உயரம் தெரிந்தால்தான் அப்பா மரம் வாங்குவார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக்கும் வேண்டுமென்றால் டிராயிங் என்னிடம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து கேளுங்கள். ஜெராக்ஸ் செலவு மட்டும் உங்களுடையது.